விலா எலும்பை எண்ணும் விரல்

அம்மாவுக்கு நெஞ்சு வலி. பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை. வாயுன்னு நெனச்சு சோடா குடிச்சுட்டு, ஷிப்ட் முடிச்சுத்தான் வீட்டுக்கு வந்தாள். திருப்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஈசிஜி எடுக்க வந்த பையன் முதலில் ஊரைக் கேட்டான். அப்புறம், "ஊருக்குள்ளீங்களா, காலனிங்களா?" சொன்னேன். ஒட்டுப் பட்டைகளை என் கையில் கொடுத்து, "நீங்களே ஒட்டீருங்க்கா, அம்மா கூச்சப்படுவாங்க" என்று பேனாவால் காற்றில் இடம் காட்டினான்.

வேர்வை மேலும் பஞ்சுத் தூசி மேலும் ஒட்டினேன். பாதி கழன்றது. மார்புக்கூட்டில் நாலாவது இடுக்கில் இருக்க வேண்டியதைக் காறை எலும்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். தாளில் கோடு கிறுக்கலாக வந்தது. டாக்டர் திட்டியது என்னை.

தொடாமலிருப்பது எப்போது மரியாதை, எப்போது தீண்டாமை? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

1816இல் பாரிஸில் லென்னெக் என்ற மருத்துவர் ஒரு பெண்ணின் மார்பில் காது வைக்கக் கூசி, காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் பிறந்தது. கூச்சத்தில்தான் பிறந்தது; ஆனால் இதயம் முன்னைவிட நன்றாகக் கேட்டது. இன்னொரு கருவியின் கதையை அம்பேத்கர் 'வெயிட்டிங் ஃபார் எ விசா'வில் எடுத்துத் தருகிறார். கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியர் எழுதிய கடிதம் அது. 1929 டிசம்பரில் 'யங் இந்தியா'வில் வெளிவந்தது. பிள்ளை பெற்று நோயில் கிடந்த மனைவியைச் சேரிக்கு வெளியே கொண்டுவரச் சொன்னார் டாக்டர். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார், அவர் கணவரிடம், கணவர் மனைவியிடம். அதே வழியில் திரும்பி வந்தது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்து நிமோனியா என்றார். அந்தப் பெண் செத்துப்போனாள்.

பட்டை என் கைக்கு வந்ததும் அந்தத் தெர்மாமீட்டர் நினைவுதான். பையன் நிஜமாகவே கூச்சப்பட்டிருக்கலாம். அப்படியானால் ஊரை எதற்குக் கேட்டான்? நிரூபிக்க என்னால் முடியாது. இன்றைய சாதிக்கு அதுதான் வசதி. ரெட்டை டம்ளர் வைத்திருந்த கொங்குக் கடைகள் சிலவற்றில் இப்போது எல்லோருக்கும் பேப்பர் கப். போனது தீட்டா, டம்ளரா?

இரண்டாம் தடவை ஒரு நர்ஸ் வந்தார். திரையை இழுத்தார். "கை சில்லுனு இருக்கும்மா, பொறுத்துக்கங்க." வேர்வையைத் துடைத்து, தோல் காயும்வரை நின்றார். பட்டையில் ஜெல் ஈரமாக இருக்கிறதா என்று பார்த்தார். கழுத்துக் குழியிலிருந்து விரலை இறக்கி நெஞ்செலும்பின் மேட்டைத் தொட்டு, அதையொட்டிய இரண்டாவது விலாவிலிருந்து எண்ணினார். நாலாவது இடுக்கில், எலும்புக்கு வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. புறங்கையால் மார்பை உயர்த்தி அதன் கீழே அடுத்தவை. விரலால் எண்ணாமல் அந்த இடம் கிடைக்காது. இடம் மாறினால் இல்லாத மாரடைப்பு தாளில் தெரியும், இருப்பது மறையும். அப்புறம் மானிட்டருக்குச் சிவப்பு வலத்தோள் பக்கம், மஞ்சள் இடத்தோள் பக்கம், பச்சை இடது விலாவுக்குக் கீழே.

தொடாமலே இதயத்தைப் பார்க்கும் கருவி வந்துவிடும், பிறகென்ன என்றார் ஒரு தோழர். தொடவே விரும்பாத சமூகத்துக்கு அது விஞ்ஞானமா, வரமா? நான் யாரிடமும் அன்பு கேட்கவில்லை. எலும்பைச் சரியாக எண்ணினால் போதும், மனசுக்குள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள் என்று வாதாடினேன்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, பசை அச்சுகளைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அந்தப் புள்ள சொல்லிப்போட்டுத்தான் தொட்டுச்சு கண்ணு. கம்பெனில சூப்பர்வைசர் ஒருநாளாச்சும் சொல்லிப்போட்டுத் தொட்டிருக்கறானா?"

நான் சாதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவள் எதைப் பற்றிப் பேசுகிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.