வாலுக்குக் கீழேயும் நாய்தான்

“எங்க டாமி சுத்த சைவம்” என்று பெருமை பேசும் வீடுகள் நம் ஊரில் நிறைய உண்டு. காலையில் பாலும் பிஸ்கட்டும், மதியம் தயிர்சாதம், ராத்திரி மிஞ்சின இட்லி. வெள்ளிக்கிழமையானால் நெற்றியில் குங்குமம், கழுத்தில் திருஷ்டிக்குக் கறுப்புக் கயிறு. அந்த டாமி ஒருநாள் உட்கார்ந்தபடியே பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு கூடம் முழுக்க நகர்கிறது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வீடியோ எடுக்கிறார்கள். பெரியவர்கள் “வயித்துல பூச்சி” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வேப்பிலை அரைக்கப் போகிறார்கள். வாலைத் தூக்கிப் பார்க்க மட்டும் ஒருவருக்கும் மனம் வருவதில்லை. அசிங்கமாம்!

நாயின் ஆசனவாய்க்கு இரு பக்கமும், கடிகாரத்தில் நாலும் எட்டும் இருக்கும் இடங்களில், தோலுக்கு அடியில் இரண்டு சிறு பைகள் உண்டு. உள்ளே ஊறும் நீருக்கு அழுகிய மீனின் நாற்றம். நமக்குத்தான் அது நாற்றம். இன்னொரு நாய்க்கு அது விலாசம். மலம் கெட்டியாக இறங்கும்போது அந்தப் பைகளை அழுத்தி, நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிவிடும். சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நாள்கணக்கில் மலம் கூழாகவே போனால் அந்த அழுத்தம் கிடைக்காது. நீர் தேங்கிப் பசையாக இறுகும், கிருமி சேரும், சீழ் பிடிக்கும், கடைசியில் தோலைக் கிழித்துக்கொண்டு உடையும். பிள்ளைகள் படம் பிடித்த வேடிக்கை இந்த அரிப்பும் வலியும்தான்.

காரணம் சாப்பாடு மட்டுமல்ல. தோல் ஒவ்வாமை, உடல் பருமன், இனம் எல்லாம் சேரும். பிரிட்டனில் 2021இல் வெளியான ஓர் ஆய்வின்படி ஓராண்டில் நூற்றுக்கு நாலு நாய்களுக்கு மேல் இந்தத் தொல்லை. சப்பை மூக்கு இனங்களுக்கு அதிகம். பூச்சியும் காரணமாகலாம். தெள்ளுப்பூச்சி வழியாக வரும் நாடாப்புழு என்றால், அதன் துண்டுகள் அரிசி மணிபோல மலத்தில் கிடக்கும். ஆனால் அதைச் சொல்லவும் மலத்தைப் பார்த்தாக வேண்டுமே!

இடிக்கிற இடம் அதுதான். கால்நடை மருத்துவத்தில் மலத்துக்கு மதிப்பெண்ணே உண்டு. பரவலாகப் பயன்படும் ஓர் அட்டவணையில் 1 என்றால் கல்போலக் காய்ந்தது, 7 என்றால் வெறும் தண்ணீர், 2 வந்தால் குடல் நலம். மருத்துவர் முதலில் கேட்பதும் “மோஷன் எப்படிப் போகுது?” என்றுதான். நாயைச் சோபாவில் கட்டிக்கொண்டு தூங்கும் எஜமானருக்கு அது தெரியாது. வீட்டு வேலை செய்யும் அம்மாவைப் போனில் கூப்பிட்டுக் கேட்கிறார். அவர்தானே தினமும் வெளியே கூட்டிப்போய், அள்ளிப் போட்டு, கை கழுவுகிறவர். மலம் அள்ளுவதைப் பிறப்பின் பேரில் சிலர் தலையில் கட்டிய சமூகம் இது. மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம் போட்டும் போதாமல் 2013இல் இன்னொன்று போட வேண்டியிருந்தது. அந்தத் தீட்டுப் புத்தி இப்போது நாயின் பின்பக்கத்துக்கும் வந்திருக்கிறது. கொஞ்ச முன்பக்கம் நமக்கு, பின்பக்கம் சம்பளக்காரருக்கு. இதற்குப் பெயர் ஜீவகாருண்யமா?

தேய்பிறை அஷ்டமியன்று பைரவர் வாகனம் என்று தெருநாய்க்குப் பாலும் பிஸ்கட் பாக்கெட்டும் வைக்கிறவர்களையும் கேட்கிறேன். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குறைந்துவிடும். புண்ணியம் கொடுத்தவருக்கு, கழிச்சல் நாய்க்கு. சனி தோஷம் போயிற்றா என்று ஜோசியரிடம் கேட்கிறவர், நாய்க்கு என்ன ஆயிற்று என்று மறுநாள் தெருமுனைக்குப் போய்ப் பார்ப்பாரா?

படித்தவர்களுக்கு வேறொரு மதம் இருக்கிறது. “நாய் அடிப்படையில் ஓநாய், பச்சை இறைச்சிதான் அதன் இயற்கை” என்கிறார்கள். மனிதனோடு கூடி வாழ்ந்ததில் மாவுச்சத்தைச் செரிக்கும் திறன் நாய்க்குக் கூடிவிட்டது என்று அதன் மரபணுவிலேயே 2013இல் காட்டினார்கள். சோறு பாவம் செய்யவில்லை. சோறு மட்டுமே போடுவதும், மசாலா, வெங்காயம், பூண்டு சேர்ந்த மிச்சத்தைக் கொட்டுவதும், சிதறிக் குத்தும் வெந்த எலும்பைப் போடுவதும்தான் தப்பு. சாப்பாட்டை மாற்றுவதானால் ஒரு வாரம் பத்து நாளில் பழையதோடு கலந்து மெல்ல மாற்றுங்கள். பல நாய்களுக்கு வேகவைத்த மஞ்சள் பூசணி ஒரு ஸ்பூனோ, மருத்துவர் சொன்ன அளவில் தண்ணீரோடு இசப்கோலோ மலத்தைக் கெட்டியாக்கும். வீக்கம், ரத்தம், சீழ் என்றால் கைவைத்தியம் எதுவும் வேண்டாம், மருத்துவமனைக்குப் போங்கள். குட்டிக்கு ரத்தமாகப் போனால் அது கண்ணேறு அல்ல, பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். மிளகாய் சுற்றிப்போடும் நேரத்தில் குட்டி செத்துப்போகும்.

கயிறு கட்டாதவர்களின் வீட்டிலும் ஒரு சடங்கு நுழைந்திருக்கிறது. மாதம் தவறாமல் நாயைக் குளிப்பாட்டும் கடைக்குக் கொண்டுபோய் அந்தப் பைகளைப் பிழிந்துவிடுவது. நலமாக இருக்கும் நாய்க்கு இது தேவையே இல்லை. தானாக வெளியேறுவதை வலிந்து பிழியப் பிழிய உள்ளே புண்ணாகலாம், வீங்கலாம். நிறைந்து இறுகியிருக்கிறதா என்று கையுறை போட்டு விரலால் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். “கிளாண்ட் பிழிஞ்சிடட்டுமா சார்?” என்று கடைப் பையன் அடுத்த முறை கேட்டால், “எதுக்கு?” என்று கேளுங்கள். அவன் விழித்தால் கோபப்படாதீர்கள். மாதாமாதம் பணம் கொடுத்த நீங்களும் அதைக் கேட்டதில்லை.