உலகைச் சுற்றியவனுக்கு மலைவாழை

பழநி பஞ்சாமிர்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்ப்பதில்லை. கெடாமல் காக்கும் ரசாயனமும் கிடையாது. அப்படியும் அது பல நாள் தாங்குகிறதென்றால், அதில் விருப்பாச்சி வாழைக்குப் பெரும் பங்கு உண்டு. பழநி மலைச் சரிவுகளில் காப்பிச் செடிகளுக்கு நடுவே வளரும் மலைவாழை இது. தோல் தடிப்பு, சதை இறுகல், ஈரம் குறைவு. பிசைந்தால் நீர்த்து ஓடாமல் திரண்டு நிற்கும். அதோடு நாட்டுச் சர்க்கரை, தேன், பசு நெய், ஏலக்காய். விரலில் வழித்து நாக்கில் வைத்தால் சர்க்கரையின் தித்திப்பு முந்திக்கொள்ளும். அது அடங்கிய பிறகுதான் பழத்தின் வாசம் மெல்ல மேலெழும்.

எங்கும் நிறைந்த இறைவனுக்கு இந்த மலையின் பழம்தான் வேண்டுமா? அன்போடு தருவது இலையோ பூவோ பழமோ நீரோ, எதுவும் போதும் என்பது கீதையில் கண்ணன் சொல்லும் கருத்து. ஊர் பேர் அவன் கேட்கவில்லை. ஆனால் அந்த நான்கும், காசில்லாதவனும் தன் வாசலைச் சுற்றி எடுத்துவரக் கூடியவை. எளியவனின் காணிக்கை இயல்பாகவே அவன் மண்ணின் விளைச்சலாகத்தான் இருக்கும்.

தமிழ்நாட்டுக் கோயில் மரபு இன்னும் ஒரு படி மேலே போகிறது. மூர்த்தியோடு தலமும் தீர்த்தமும் தலமரமும் சேர்ந்தால்தான் கோயில். காஞ்சி ஏகாம்பரநாதருக்கு மா, சிதம்பரத்துக்குத் தில்லை. அழகர்கோவில் தோசைக்கு மலைமேல் ஊறும் நூபுரகங்கை நீர். எங்கும் இருப்பவனை மனிதன் ஓர் இடத்தில் நின்றுதானே கும்பிட முடியும்? இடம் என்பது கடவுளுக்கு வைத்த எல்லையல்ல. நம் கைக்கு எட்டும்படி அவன் வந்து நின்ற தூரம் அது.

பழநியின் தலக்கதையே ஒரு பழத்தில்தான் தொடங்குகிறது. அண்ணன் விநாயகன் அம்மையப்பனைச் சுற்றிவந்து பழத்தை வாங்கிக்கொண்டான். தம்பி முருகன் மயிலேறி உலகையே சுற்றினான். அத்தனை நாடும் பார்த்தவன் கடைசியில் ஒரு குன்றில் தங்கிவிட்டான். அவனுக்கு ஆகும் அபிஷேகத்தில், பக்கத்து மலையில் விளைந்த வாழையும் கலந்திருக்கிறது. எவ்வளவு பொருத்தம்!

உள்ளூர் உணவின் இன்பத்தைத் தூய்மைவாதமாக்கிவிடக் கூடாது. அதே பஞ்சாமிர்தத்தில் பேரீச்சம்பழமும் உண்டு. அது பாலைவனத்து மரத்தின் பழம். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து போர்ச்சுகீசியர் வழியே வந்த மிளகாயைத் திவசச் சமையலில் இன்றும் பல வீடுகளில் சேர்ப்பதில்லை, காரத்துக்கு மிளகுதான். பூரி ஜெகந்நாதர் மடைப்பள்ளியிலும் உருளைக்கிழங்குக்கும் தக்காளிக்கும் இடமில்லை. எது வெளியிலிருந்து வந்தது என்பதை மறக்காத அந்த நினைவாற்றல் வியக்க வைப்பது. ஆனாலும் 2023-இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய் புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. சில நூற்றாண்டுகள் அந்தக் கரிசலில் வெயில் குடித்த பயிரை இனி யார் அந்நியம் என்பது? பிறந்த இடத்தைவிட, இந்த மண்ணோடும் உழுகிறவரோடும் அதற்கு உள்ள உறவே பெரிது.

அந்த உறவு அறுந்துபோகவும் கூடும். அசுவினிப் பூச்சி பரப்பும் முடிக்கொத்து நோய் வந்தால் வாழையின் இலைகள் உச்சியில் குறுகிக் கொத்தாகிவிடும், குலை தள்ளாது. பழநி மலையில் விருப்பாச்சித் தோட்டங்களின் பெரும்பகுதி இப்படித்தான் அழிந்தது. பின்னர் திசு வளர்ப்பில் நோயற்ற கன்றுகளை உருவாக்கி மீண்டும் நட வேண்டியிருந்தது. பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைக் கொண்டாடியவர்கள், நோய்ப்பட்ட மரத்தைத் தோண்டி எறிந்துவிட்டு மறுபடியும் கன்று ஊன்றிய மலை விவசாயியின் உழைப்பையும் வழிபாட்டில் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.