சாட்சி சொல்லும் எண்

கீழ்புத்துப்பட்டைக் கடந்து மரக்காணத்தை நெருங்கும்போது உப்பளங்கள் நம் கண்ணில் படுகின்றன. உவர்நீர் அங்கே நின்ற இடத்திலேயே உப்பாவதில்லை. பாத்தியிலிருந்து பாத்திக்கு மாறி, வெயிலில் அடர்ந்து, கடைசிப் பாத்தியில்தான் விளைகிறது. முதற் பாத்தியில் நேர்ந்த மாற்றம் கடைசிப் பாத்தியில் தெரியச் சற்றுக் காலம் பிடிக்கும்.

நம் உடலிலும் அவ்வாறே. நீரிழிவு நோயாளர் சிலர் இன்று மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் இரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கடியில் திசுக்களின் இடையே உள்ள நீரில் சர்க்கரையை அளக்கிறது. இரத்தத்தில் நேரும் மாற்றம் அந்நீரில் தெரிய 5 முதல் 15 நிமிடம் வரை ஆகலாம். சர்க்கரை விரைந்து இறங்கும் வேளையில், கருவி 80 என்று காட்டும்போதே இரத்தத்தில் 65 ஆகியிருக்கக்கூடும். சென்சார் உள்ள கையின்மேல் படுத்துறங்கினால், இல்லாத தாழ்வையும் அது காட்டும். உடலில் நீர் மிக வற்றினாலும் அளவு பிழைபடலாம். உப்பள வெயிலில் உழைப்போர் இதை மறத்தலாகாது.

அப்படியானால் இக்கருவி வேண்டாததா? அன்று. விரல்நுனிச் சோதனை காணாத நள்ளிரவுத் தாழ்வை அது கண்டு சொல்கிறது, உயிரையும் காக்கிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர்க்கு நீரிழிவு உண்டென மதிப்பிட்டது. இத்தகைய உதவியை இகழ்வது அறிவுடைமை ஆகாது.

நம்மை நெருடும் கேள்வி வேறு. "கை நடுங்குகிறதப்பா, கண் இருட்டுகிறது" என்கிறாள் ஒரு தாய். மகன் கைப்பேசியைப் பார்த்து, "110 இருக்கிறதே அம்மா, ஒன்றுமில்லை" என்கிறான். யாரை நம்புவது? உடற்குறியும் எண்ணும் முரண்பட்டால் விரலில் குத்திச் சோதிக்க வேண்டும் என்று கருவியோடு வரும் குறிப்பே கூறுகிறது. கருவி தன் எல்லையை ஒப்புக்கொள்கிறது, நாம்தான் ஒப்புக்கொள்வதில்லை. கண்டதற்கு மேல் சொல்லும்படி சாட்சியை வற்புறுத்துகிறோம். பிழை நேர்ந்தால், "கருவி அப்படித்தான் காட்டியது" என்று கை கழுவுகிறோம்.

தோலைத் துளைக்காமலே சர்க்கரையை அளப்பதாகக் கூறும் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்ப வேண்டாம் என 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் எச்சரித்தது. அவையோ சாட்சி என்ற பெயருக்கே உரியன அல்ல.

நல்ல சாட்சியைக் கேட்போம். தீர்ப்பளிக்கும் பொறுப்பை அதனிடம் விட்டுவிட வேண்டாம். நோயுற்றவரின் சொல்லையும் சாட்சியமாக ஏற்போம். ஐயம் எழுந்தால் ஒரு துளி இரத்தத்தில் சோதித்துப் பார்க்கும் பொறுமை, அன்பின் கடமையே அன்றோ!