பத்துப் பாத்திரத்துக்கு நான்கு கைகள்

நந்தனத்து அடுக்ககம் ஒன்றில் இரவுச் சாப்பாடு முடிந்து டிஷ்வாஷரை ஓடவிட்டால், அது நிற்பதற்குள் ஒரு முழுப் படமும் பார்த்து முடித்துவிடலாம். எழுபதுகளில் அமெரிக்காவில் குடித்தனம் நடத்திவிட்டு ஊர் திரும்பிய பெரியவர் யாராவது அருகில் இருந்தால், "அந்தக் காலத்து மிஷின் ஒரு மணி நேரத்தில் பளிச்சென்று கழுவிக் கொடுத்துவிடும்" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. அந்த வேகத்துக்கு என்ன செலவானது என்று கணக்குப் பார்த்தால்தான் இன்றைய இயந்திரத்தின் நிதானம் புரியும்.

கழுவுதல் என்பதை நான்கு கைகளின் வேலை என்று சொல்லலாம். ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் சின்னர் 1959-இல் இதை ஒரு வட்டமாக வரைந்து காட்டினார். ரசாயனம், சூடு, விசை, நேரம் ஆகிய நான்கும் சேர்ந்தால் வட்டம் முழுமையாகும். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்டியாக வேண்டும். வட்டம் வரையாமலே நம் பாட்டிகளுக்கு இது தெரியும். அடுப்புச் சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் எண்ணெய்ப் பிசுக்கை வெட்டும்; அது ரசாயனம். வெந்நீர் சூடு. தேங்காய் நார் விசை. அடிப்பிடித்த பால் பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றி இரவெல்லாம் ஊறப்போடுவது நேரம்.

இயந்திரத்தில் நாரும் இல்லை, தேய்க்கும் கையும் இல்லை. 1850-இல் அமெரிக்காவின் ஜோயல் ஹாட்டன் காப்புரிமை பெற்ற மரப்பெட்டி, கைப்பிடியைச் சுற்றினால் தட்டுகள்மேல் தண்ணீரை வாரி இறைத்ததோடு சரி. இல்லினாய் மாநிலத்து ஷெல்பிவில் ஊரில் வாழ்ந்த ஜோசபின் காக்ரேன் 1886-இல் காப்புரிமை பெற்ற இயந்திரம்தான் வழியைத் திறந்தது. கம்பிக் கூட்டில் தட்டுகளை அசையாமல் அடுக்கி, அவற்றின்மேல் சோப்பு வெந்நீரை அழுத்தத்தோடு பீய்ச்சியடித்தது அது. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியிலும் இடம்பெற்றது. இன்றைக்கும் அடிப்படை அதுதான்: நார் செய்யும் வேலையைத் தண்ணீரின் வேகம் செய்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்த இயந்திரங்கள் நான்கில் மூன்று கைகளைத் தாராளமாக வீசின. விசைக்குப் பெரிய மோட்டார். தண்ணீரோ ஒரு முறை கழுவ நாற்பது, ஐம்பது லிட்டர்; மீண்டும் மீண்டும் நிரப்பி, மீண்டும் மீண்டும் கொட்டும். வீட்டு வெந்நீர்த் தொட்டியிலிருந்தே கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வரும். பல இயந்திரங்களில் மிச்சச் சோற்றை அரைத்துச் சாக்கடைக்கு அனுப்பும் அரவையும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல், பொடியில் பாஸ்பேட்டும் குளோரினும் இருந்தன. பாஸ்பேட் தண்ணீரிலுள்ள கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கழன்ற அழுக்கு மறுபடி ஒட்டாமலும் காக்கும். குளோரின் டீக்கறையை வெளுக்கும். இத்தனையும் கூடினால் நேரம் எதற்கு?

அந்த மூன்று கைகளும் பிறகு ஒவ்வொன்றாகக் கட்டுப்பட்டன. கழிவுநீரோடு ஆற்றுக்கும் ஏரிக்கும் போகும் பாஸ்பேட், பாசிக்கு எருவாகிவிடுகிறது. பாசி அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன் சாகிறது. சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்திலிருந்து அடையாற்றைப் பார்த்தவர்களுக்கு, சத்து மிகுந்த சாக்கடை நீர் ஆகாயத்தாமரையை எப்படி வளர்க்கும் என்று சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவின் 16 மாநிலங்கள் 2010-இலும், ஐரோப்பிய ஒன்றியம் 2017-இலும் டிஷ்வாஷர் பொடியில் பாஸ்பேட்டைக் கடுமையாகக் குறைத்தன. தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் வரம்பு வந்தது. முழு அளவு இயந்திரம் ஒன்று இன்று பத்துப் பன்னிரண்டு லிட்டரில் வேலையை முடிக்கிறது.

மிஞ்சியது நான்காவது கை: நேரம். அதற்குத் துணையாக வந்தவை நொதிகள். சோற்றை வாயில் வைத்து நெடுநேரம் மென்றால் லேசாக இனிக்கும். எச்சிலிலுள்ள அமைலேஸ் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதால் வரும் இனிப்பு அது. இன்றைய பொடியிலும் வில்லையிலும் அதே வகை நொதி இருக்கிறது. காய்ந்த சோற்றுப் பருக்கையையும் இட்லித் தட்டில் ஒட்டிய மாவையும் அது கவனித்துக்கொள்ளும்; பருப்பையும் பாலையும் புரோட்டியேஸ் உடைக்கும். குளோரின் இருந்தால் நொதி பிழைக்காது. அதனால் வெளுக்கும் வேலை இப்போது ஆக்சிஜன் வகை ரசாயனத்திடம் போயிருக்கிறது. நொதிக்குக் கொதிநீர் ஆகாது, ஐம்பது டிகிரி போலச் சூடு போதும், ஆனால் அவகாசம் வேண்டும். மேல் தெளிப்பானுக்கும் கீழ்த் தெளிப்பானுக்கும் மாற்றி மாற்றி நீரை அனுப்புவதால் கொஞ்சம் தண்ணீரிலும் வேகம் குறைவதில்லை. பாட்டி ஊறப்போட்டதைத்தான் இயந்திரம் உள்ளே செய்துகொண்டிருக்கிறது.

பல இயந்திரங்களில் கலங்கலை அளக்கும் உணரியும் உண்டு. நீரின் ஊடே ஒளியைச் செலுத்தி, எவ்வளவு அழுக்கு என்று பார்த்துக் கழுவும் காலத்தை அது தீர்மானிக்கும். குழாயடியில் நன்றாகக் கழுவிய தட்டை உள்ளே வைத்தால், "அழுக்கு குறைவு" என்று முடிவுகட்டி வேலையைச் சுருக்கிக்கொள்ளும். கறிவேப்பிலை, மிளகாய், எலும்பு இவற்றை வழித்துப் போட்டால் போதும். பெரும்பாலான இயந்திரங்களில் அரவை இப்போது கிடையாது, வடிகட்டிதான். அதை எடுத்துக் கழுவுவது நம் பொறுப்பு.

சென்னையில் இன்னொரு சிக்கலும் உண்டு: போர் தண்ணீரில் கரைந்த கால்சிய உப்பு, அதாவது கடினத்தன்மை. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தரநிலை. பாஸ்பேட் இருந்த காலத்தில் பொடியே இதைச் சமாளித்தது. இப்போது அந்த வேலையை இயந்திரத்தின் அடியிலுள்ள ரெசின் செய்கிறது: கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். அது சோர்ந்துவிடாமல் இருக்கத்தான் டிஷ்வாஷருக்கென்றே விற்கும் உப்பைத் தனியாகப் போடச் சொல்கிறார்கள். கண்ணாடி டம்ளரில் வெள்ளைப் படலம் தெரிந்தால் பெரும்பாலும் உப்புப் பெட்டி காலியாக இருக்கும்.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடங்கள் லாரிக்காகத் தெருவில் வரிசை கட்டியதை மறந்திருக்க மாட்டோம். ஒரு வேளைப் பாத்திரத்துக்கு ஐம்பது லிட்டர் கேட்கும் இயந்திரம் இந்த ஊருக்குக் கட்டுப்படியாகாது. பழைய இயந்திரம் நன்றாகவே கழுவியது. ஆற்றையும் ஏரியையும் செலவழித்துக் கழுவியது. புதியது நம் நேரத்தைச் செலவழிக்கிறது, அதுவும் நாம் தூங்கும் நேரத்தை. அலுமினியச் சட்டியையும் ஈயச் சொம்பையும் மட்டும் வெளியே வைத்துவிட்டு, உப்பையும் வடிகட்டியையும் பார்த்துவிட்டு, பொத்தானை அழுத்திப் படுக்கப் போங்கள்.