காப்பு

மிருகக்காட்சி சாலையை ஒழித்துவிட வேண்டும் என்பவர்களோடும், அதுதான் மிருகங்களின் கடைசிப் புகலிடம் என்பவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. இருவரும் கம்பியை மட்டுமே பார்க்கிறார்கள்.

குற்றாலத்துக் குரங்குகளுக்குக் கம்பி கிடையாது. தென்காசியிலிருந்து அருவிக்குப் போகிறவர்கள் கையிலிருக்கும் பழத்தையும் முறுக்கையும் பறித்துத் தின்னப் பழகிவிட்டன. திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியில் வரும் வானரங்களுக்கு மலை சோறு போட்டது. இவற்றுக்கு நாம் போடுகிறோம்.

இதே மலைத்தொடரில், தெற்கே, சோலைமந்தி இருக்கிறது. சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் அது இல்லை. மரத்தை விட்டு அதிகம் இறங்காது. வெடிப்பலா போன்ற மழைக்காட்டு மரங்களை நம்பிய ஜீவன். 1976-ல் களக்காடு சரணாலயம் இதற்காகவே ஏற்பட்டது; 1988-ல் முண்டந்துறையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. வண்டலூரில் இதே குரங்கைக் கூண்டில் வைத்து இனம் பெருக்குகிறார்கள்.

இருப்பு வேறு, புழக்கம் வேறு என்பது வங்கிக்காரனுக்குத் தெரியும். வண்டலூரில் உள்ளது இருப்பு. அதுவும் வேண்டியதுதான். ஆனால் கடைத்தெருவே இல்லாத ஊரில் பெட்டகத்து நோட்டு வெறும் காகிதம். திரும்பிப் போகக் காடு இல்லையென்றால் பிறந்த குட்டிகளின் எண்ணிக்கையும் அப்படித்தான்.

தமிழில் காப்பு என்றால் பாதுகாப்பு; கைவிலங்கும் அதுதான். அது யார் கையில் என்பதே கேள்வி. வண்டலூரில் மிருகத்தின் கையில். குற்றாலத்தில் யார் கையிலும் இல்லை. களக்காட்டில் நம் கையில்: அங்கே எடுக்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. இந்த மூன்றாவதைத்தான் நான் ஒழுக்கம் என்பேன். கொடுப்பதே அறம் என்று பழகிய நமக்கு இது கஷ்டமாகத்தான் இருக்கும்.