மணலும் கண்ணாடியும்

விரலால் எழுதிக் கற்பது தமிழருக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆசான் குழந்தையின் விரலைப் பற்றி மணலில் அகரம் எழுதுவிப்பார். பிழையாயின் உள்ளங்கையால் மணலைத் தடவிவிட்டு மீண்டும் எழுதச் செய்வார். இன்று மல்காஜ்கிரியில் ஒரு வீட்டின் கூடத்தில், ஞாயிறுதோறும் கூடும் தமிழ் வகுப்பில், அதே அகரத்தை ஒரு சிறுமி கைப்பேசியின் திரையில் விரலால் எழுதுகிறாள். பிழையாயின் திரை தன்னைத் தானே துடைத்துக்கொள்கிறது. கண்ணாடியும் மணலிலிருந்து பிறப்பதே. விரலும் அதே விரல்தான். மாறியது யாதெனின், விரலைப் பற்றியிருந்த அந்த மற்றொரு கை. அக்கை இனி வேண்டுமா, வேண்டாவா? இதுவே நாம் ஈண்டு எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

இவ்வினா தாய்நாட்டில் வாழும் தமிழரைக் காட்டிலும் நம்மையே மிகுதியும் வருத்துவது. செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1966-இல் தென்மத்திய இரயில்வே அமைந்தது. அதற்கு முன்னும் பின்னும் இரயில்வேப் பணியை நாடியும், படைத்துறை, வங்கி, தொழிற்சாலை வேலைகளை நாடியும் தமிழ்க் குடும்பங்கள் பல இப்பக்கம் வந்து வேரூன்றின. நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலம் கற்கின்றனர், இந்தி கற்கின்றனர், இம்மாநிலத்தின் மொழியாகிய தெலுங்கையும் கற்கின்றனர். 2018-ஆம் ஆண்டுச் சட்டம் தெலுங்குக் கல்வியைப் பள்ளிகளில் கட்டாயமாக்கியது. வாழும் மண்ணின் மொழியைக் கற்பது நன்றே. அதில் நமக்குக் குறையில்லை. ஆயினும் தமிழுக்கு எஞ்சுவது ஞாயிற்றுக்கிழமையின் ஒன்றரை மணி நேரமே. இந்நிலையில் வெளியூர்த் தமிழரை மனத்திற்கொண்டு 2001-இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகம் (இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம்) போன்ற முயற்சிகள் நமக்குப் பாலைவழியில் கிடைத்த சுனையாகும். ஆதலின் கருவியை வெறுப்பவன் அல்லேன் யான். அதனைக் கையாண்டு பார்த்தவன்.

புதிய கருவியைப் பள்ளியில் சோதித்துப் பார்த்த கதை ஒன்று நம்மிடமிருந்தே தொடங்குகிறது. 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்பவர், உள்ளூர்ப் பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டார். தாளும் மையும் செலவின்றிக் கற்கும் அம்முறையைத் தம் இல்லத்தில் புகுத்தினார். கற்ற சிறுவன் கல்லாத சிறுவனுக்குக் கற்பிக்கும் வழக்கத்தையும் அதனோடு இணைத்தார். 1797-இல் இலண்டனில் இதனை நூலாக வெளியிட, அது ‘சென்னை முறை’ எனப் பெயர் பெற்று இங்கிலாந்தில் பரவியது. ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. பெல் மணலை மட்டும் எடுத்துச் செல்லவில்லை. மணலின் அருகே அமர்ந்திருந்த மற்றொரு மாணவனையும் சேர்த்தே எடுத்துச் சென்றார். கருவி வெற்றி பெற்றது ஆளோடு சேர்ந்தபோதுதான்.

இனி என் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். சென்ற ஆண்டு எம் வகுப்பில், பிள்ளைகள் வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டு மதிப்பிடும் செயலி ஒன்றைப் பயன்படுத்திப் பார்த்தேன். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ‘பழம்’ என்னும் சொல்லைப் ‘பளம்’ என்று படித்தாள். செயலி அதனைச் சரியென ஏற்று ஒரு பொன்னிற நட்சத்திரத்தை வழங்கியது. அவள் துள்ளி ஓடிவந்து அதனை என்னிடம் காட்டினாள். அவள் முகத்தில் இருந்த ஒளியைக் கெடுக்க மனமின்றி வாளாவிருந்துவிட்டேன். அடுத்த வாரம் அச்சொல்லைத் திருத்த முற்பட்டபோது, “செயலி சரியென்று சொல்லிவிட்டதே, சார்!” என்றாள். அவள் கேட்டதில் தவறில்லை. அவளுக்கு முன்னே இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் நட்சத்திரம் தருகிறார், மற்றவர் தடை சொல்கிறார். முதல் வாரத்தில் மற்றவரும் மௌனமாக உடன்பட்டவரே அல்லரோ?

அவளை எதிரே அமர்த்தி என் வாயைப் பார்க்கச் சொன்னேன். நாவின் நுனி வளைந்து மேல்வாயை மெல்லத் தடவும்போது ழகரம் பிறக்கும் என்பது நம் இலக்கணத்தார் கண்ட உண்மை. நான் சொல்ல அவள் பார்த்தாள். அவள் சொல்ல நான் பார்த்தேன். நான்காம் முறை ‘பழம்’ பிறந்தது. செயலிக்குக் குரல் உண்டு; நா இல்லை. பார்த்துக் கற்க அங்கே ஒரு வாய் இல்லை.

இத்துடன் நிறுத்தினால் கருவிக்கு அநீதி செய்தவனாவேன். அதே வகுப்பில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவன் தமிழில் தெலுங்கின் ஓசை கலந்து வரும். ஒருநாள் பிள்ளைகள் அதைக் கேட்டு நகைத்தனர். அன்றுமுதல் அவன் வாய் திறந்து படித்ததில்லை. செயலி வந்தபின் கூடத்தின் மூலையில் அமர்ந்து, அதனிடம் மட்டும் தாழ்ந்த குரலில் படிக்கலானான். அது நகைக்கவில்லை, சலிக்கவில்லை, பத்தாம் முறையும் முதல் முறை போலவே கேட்டது. இரண்டு திங்கள் கழிந்து, வகுப்பின் முன் நின்று ஒரு பக்கம் முழுவதும் படித்தான். நான் தரத் தவறிய ஒன்றைக் கருவி அவனுக்குத் தந்தது. அது அறிவன்று, நகைக்கப்படாத தனிமை. அன்று அந்நகைப்பை அடக்காதவன் நானே என்பதை எண்ணும்போது இன்றும் நாணுகிறேன்.

அங்ஙனமாயின், கருவி நல்லதா, தீயதா? இவ்வாறு வினவுவதே பொருந்தாது. ஆசிரியர் தம் கடமைகளுள் எதனைக் கருவியிடம் ஒப்படைக்கலாம், எதனை ஒப்படைக்கலாகாது என்பதே உரிய வினா. பவணந்தி முனிவர் நன்னூலில் நல்லாசிரியருக்கு நிலத்தையும், மலையையும், தராசையும், மலரையும் உவமையாக்குகிறார். நிலத்தின் பொறுமை கருவிக்கு உண்டென்பதை அச்சிறுவன் கண்டான். மலைபோல் பெரும்பொருளைச் சேர்த்து வைப்பதும் அதற்கு இயலும். ஆனால் தராசாக நின்று ஐயமற நிறுத்துக் காட்டும் பொறுப்பு? ஒரு பிள்ளைக்குத் திருத்தமும் மற்றொரு பிள்ளைக்குத் தனிமையும் வேண்டும் என அறிந்து, முகம் பார்த்து மலரும் இயல்பு? பயிற்சியைக் கருவியிடம் கொடுக்கலாம், தீர்ப்பைக் கொடுக்கலாகாது.

“ஆசிரியரும் பிழை செய்கிறாரே?” என வினவுவாரும் உளர். உண்மை, என் பிழைகள் இரண்டினை மேலே கூறினேன். எனினும் வேறுபாடு ஒன்றுண்டு. பிழை செய்த ஆசிரியர், “அன்று நான் பேசாமல் இருந்தது தவறு, அம்மா” என்று குழந்தையிடம் கூற இயலும். நான் கூறினேன். பெரியவர் ஒருவர் தம் தவற்றை ஒப்புக்கொள்வதைக் காண்பதும் ஒரு பாடமே. பத்தாண்டு கழித்து அவள் ‘பளம்’ என்று சொன்னால் அந்தச் செயலியை எவரும் கேட்கப் போவதில்லை. என்னைக் கேட்பர்.

மற்றுமொன்று. கருவிகள் வரும், போகும். 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்கா இரவலாகத் தந்த துணைக்கோளின் வழியே, அன்றைய ஆந்திரப் பிரதேசம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சிக் கல்வி வந்தது. ஓராண்டு முடிந்ததும் துணைக்கோள் அகன்றது; பள்ளிகளில் எஞ்சியவர் ஆசிரியரே. 2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, தெலங்கானாவில் செப்டம்பர் முதல் நாள் தொலைக்காட்சி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் பாடங்கள் தொடங்கின. அக்கருவிகள் இல்லையேல் அவ்வாண்டு முற்றும் பாழாகியிருக்கும். ஆனால் ஒரே கைப்பேசியைத் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றுவிட்ட வீட்டுப் பிள்ளைக்கு அந்த வகுப்பு எங்கே நடந்தது? ஆதலின் கருவியைச் சோதிக்கும் ஆசிரியர், அது கையில் உள்ள பிள்ளையிடமிருந்தன்று, இல்லாத பிள்ளையிடமிருந்தே தம் கணக்கைத் தொடங்குதல் வேண்டும்.

சோதனை என்னும்போது சோதிக்கப்படுவது கருவியாக இருக்க வேண்டும். குழந்தையாக இருத்தல் கூடாது. குழந்தையின் ஓராண்டு ஒருமுறையே வரும். அதனைத் திருப்பித் தர எவராலும் இயலாது. எனவே புதிய செயலி எதனையும் ஆசிரியர் முதலில் தம் வாயால் படித்து, தாமே பிழை செய்து, அது பிழையைக் காண்கிறதா எனப் பார்த்தபின்னரே பிள்ளையின் கையில் தருதல் முறை. இதனை நான் காலங்கடந்து கற்றேன்.

பெற்றோரே, உங்கள் கடமையும் இதனின் வேறன்று. கைப்பேசியைக் குழந்தையிடம் கொடுத்து, “தமிழ் படி” என்று கூறிவிட்டு அடுக்களைக்கோ அலுவலுக்கோ சென்றுவிடாதீர்கள். பத்து நிமிடம் அருகே அமருங்கள். உங்களுக்கே தமிழ் எழுத்து மறந்திருந்தால் நாண வேண்டா. குழந்தையோடு சேர்ந்து எழுதுங்கள். எம் வகுப்பில் இப்போதும் அச்செயலி இருக்கிறது. கூடத்தின் ஓரத்தில் ஒரு தட்டில் மணலும் இருக்கிறது. பிள்ளைகள் இரண்டிலும் எழுதுகிறார்கள். எதில் எழுதினாலும், முதல் சில நாள்கள் அவர்கள் விரலோடு இன்னொரு விரலும் இருக்கிறது.