தவறிப் போன பிள்ளையும் பெற்றவள் மேல் பழியும்



ஒரு குழந்தை விபத்தில் இறந்துவிட்டால் அதற்குக் காரணம் என்ன? பெற்றவள் செய்த பாவமா, பிள்ளையின் தலையெழுத்தா, பேயின் வேலையா? துக்க வீட்டுத் திண்ணையில் இன்றும் இந்தப் பேச்சு நடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் தென் திருவிதாங்கூர்ப் பனைவிளைகளில் வாழ்ந்த மக்களின் நிலையை எண்ணிப் பார்த்தால் இதற்கு விடை தெளியும்.

பனை ஏறுகிறவர் காலையிலும் ஏறினார், மாலையிலும் ஏறினார். அவர் இறக்கிய அக்கானி காத்திருக்காது. உடனே காய்ச்சாவிட்டால் கெட்டுப்போகும். காய்ச்சும் வேலை வீட்டுப் பெண்ணுடையது. காய்ந்த ஓலையையும் சுள்ளியையும் அடுப்பில் தள்ளி, மணிக்கணக்காக நெருப்பின் முன் இருந்து, பாகு பதம் வரும்வரை கிண்டி, சிரட்டையில் ஊற்றி எடுத்தால்தான் கருப்பட்டி. பதம் தவறினால் இரண்டு பேர் உழைப்பும் வீண். அந்த அடுப்பைச் சுற்றித்தான் தவழும் பிள்ளைகளும் நடை பழகும் பிள்ளைகளும் விளையாடின. சற்றுத் தள்ளினால் குளம், அல்லது சுற்றுச்சுவர் இல்லாத கிணறு.

அடுத்தடுத்த விளையில் இரண்டு தாய்மார் இருந்ததாக வைத்துக்கொள்வோம். இருவரும் ஓலை எடுக்க ஒரு நொடி திரும்பினார்கள். ஒருத்தியின் பிள்ளை கோழிக்குஞ்சின் பின்னால் ஓடியது. மற்றவளின் பிள்ளை கொதிக்கும் பானையை நோக்கி வந்தது. மாலையில் ஒரு வீட்டில் தாலாட்டு, மறு வீட்டில் ஒப்பாரி.

இரண்டு தாய்மாரும் செய்தது ஒரே செயல். பிழைத்த பிள்ளையின் தாய் அதிகப் புண்ணியம் செய்தவளும் அல்ல, இழந்தவள் பாவியும் அல்ல. ஆனால் ஊர் ஒருத்தியை மட்டும் கவனமில்லாதவள் என்று சொல்லும். இது நீதியா?

அப்படியானால் கவனமே வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். கட்டாயம் வேண்டும். ஆனால் ஒரு சோடிக் கண் அடுப்பையும் பிள்ளையையும் எவ்வளவு நேரம் ஒன்றாகப் பார்க்கும்? துணைக்கு இருந்திருக்க வேண்டிய கண்கள் எங்கே போயின? கூலியில்லா ஊழியத்துக்கு ஆட்களை இழுத்துச் சென்றது அன்றைய ஆட்சி. தலைக்கும் வரி, பனைக்கும் வரி. வரி கட்ட இன்னும் காய்ச்ச வேண்டும், இன்னும் நேரம் நெருப்பின் முன் நிற்க வேண்டும். இந்தக் கொடுமைகளை அகிலத்திரட்டு அம்மானை கண்டித்துப் பேசுகிறது. எல்லாவற்றையும் விதி என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் இந்த அநீதி கண்ணில் படாமலே தப்பிவிடும்.

இன்னொரு கொடுமையும் இருந்தது. அகாலமாக இறந்தவர் பேயாக அலைவார் என்று மக்கள் நம்பினார்கள். நேற்றுவரை மடியில் கிடந்த பிள்ளைக்கே தாய் பயப்பட வேண்டும். அதை அடக்க ஆடும் கோழியும் பலி கொடுக்க வேண்டும். ஏழை வீட்டில் துக்கத்தோடு கடனும் சேரும். கொல்லம் 1008ஆம் ஆண்டு மாசி மாதம் வைகுண்ட அவதாரம் நிகழ்ந்தது. அய்யா உயிர்ப்பலியை விலக்கினார், பேய்களை எரித்தார். பிள்ளையை இழந்த தாய்க்கு அது எவ்வளவு பெரிய விடுதலை! இனி அவள் தன் பிள்ளையைப் பயமில்லாமல் நினைத்து அழலாம்.

வாகைப்பதியில் துவையல் தவசு இருந்தபோது 700 குடும்பங்கள் ஒன்றாகத் தங்கின என்பர். ஆண், பெண், பிள்ளைகள் எல்லாரும் ஒரே இடத்தில் குளித்து, துவைத்து, உண்டு வாழ்ந்தார்கள். அப்படிக் கூடி வாழும் இடத்தில் ஒரு பிள்ளையை ஒருத்தி மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை. ஊரே பார்த்துக்கொள்ளும்.

ஏன் அந்தப் பிள்ளை போனது, இந்தப் பிள்ளை பிழைத்தது என்பது அய்யாவுக்கு மட்டுமே தெரிந்த கணக்கு. மனிதர் அதில் புகுந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது. இனி என்ன செய்வது என்பதே மனிதருக்குரிய கேள்வி. அதற்கு விடை உண்டு. துக்க வீட்டுக்குப் போகிறவர்கள், "நீ எங்கே போயிருந்தாய்?" என்று கேட்காமல் இருக்க வேண்டும். அவள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டு போக வேண்டும். திறந்து கிடக்கும் கிணற்றையும் ஆழ்துளைக் குழியையும் யாருடைய நிலமானாலும் மூடச் செய்ய வேண்டும். வேலைக்குப் போகும் அண்டை வீட்டுத் தாயின் பிள்ளை மேல் ஒரு கண் வைக்க வேண்டும்.

பள்ளியறைக் கண்ணாடியில் தெரிவது பார்க்கிறவரின் முகமே. பிள்ளையை இழந்தவளைக் குறை சொல்ல வாய் திறக்கும்போது அந்தக் கண்ணாடியை நினைத்துக்கொள்ளுங்கள். பிழைத்த பிள்ளையின் தாயும் தகப்பனும் அதில் தெரிவார்கள்.

அய்யா உண்டு.